காசு கொடுத்தால்தான் நல்ல ஊசியா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சும்மா போடுவது மட்டமான ஊசி, தனியாரிடம் காசு கட்டிப் போடுவதுதான் ‘ஒரிஜினல்’ என்ற நம்பிக்கை பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வேர்விட்டிருக்கிறது. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் கிடக்கும். அப்போதும் நகையை அடகு வைத்து ‘வலியில்லாத ஊசி’க்கு ராமநாதபுரம் பஸ் ஏறுவார்கள். காப்பீடு கைகொடுக்குமா என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்ப்பதற்கானது. தனியார் பாலிசிகளிலும் பெரும்பாலானவை தடுப்பூசிக்குப் பணம் தருவதில்லை.

அந்த வலியில்லாத ஊசியின் சங்கதி என்ன? அரசு போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவேலன்டில் கக்குவான் இருமல் கிருமி கொல்லப்பட்டு முழுதாக இருக்கிறது. அதனால் ஒரு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம். தனியாரின் வலியில்லாத ஊசியில் கிருமியின் சில துணுக்குகள் மட்டும். பிள்ளை குறைவாக அழும், உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. துணுக்கு ஊசிக்கு மாறிய அமெரிக்காவில், 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவியபோது ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் வந்தது.

தரத்தில் சந்தேகமா? புதன்கிழமை நர்சம்மாவிடம் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பி குப்பைக்கு. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் குப்பியைக் கண்ணால் பார்த்ததுண்டா?

காப்பீடே ஊசிக்குப் பணம் தரும் நாட்டின் கதையையும் பாருங்கள். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் எந்த ஊசிக்குப் பணம் தரவேண்டும் என்பது ஓர் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையில் தொங்குகிறது. 2025 ஜூனில் அதன் 17 உறுப்பினர்களையும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் கென்னடி நீக்கினார். டிசம்பரில் புதிய குழு, எல்லாப் பிள்ளைக்கும் பிறந்தவுடன் ஹெபடைடிஸ் பி ஊசி என்ற பரிந்துரையைக் கைவிட்டது. 2026 முடியும்வரை பழையபடி தருவோம் என்று காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம்? நம்மூரில் அதே ஊசி பிரசவ அறையிலேயே இலவசம். இதைத்தான் மட்டம் என்கிறோம்.

அரசு அட்டவணையில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காசுள்ளவருக்கே கிடைத்த நிமோனியா ஊசி தமிழ்நாட்டு அரசு அட்டவணைக்கு வர 2021 ஆயிற்று. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து தனியார் போடும் எம்.எம்.ஆரில் உண்டு, அரசின் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இல்லை. சண்டை போட வேண்டிய இடம் இது. இலவசமாகக் கிடைப்பதையே காசுக்கு வாங்கிக்கொண்டிருந்தால், கிடைக்காததை யார் கேட்பது?