பேச்சைக் கேட்டோ, ஆளைப் பார்த்தோ சிரிக்கிறோம்?

"யாழ்ப்பாணத் தமிழ் அழியுது" என்று அண்மையில் எத்தனையோ பதிவுகள் பார்த்துவிட்டோம். "எங்கட பிள்ளையள் 'ஓம்' எண்டுறதை விட்டிட்டு 'ஆமா' எண்டுதுகள்", "'கதைக்கிறது' போய் 'பேசுறது' வந்திட்டுது", "அம்மம்மா 'பாட்டி' ஆகிட்டா" என்றெல்லாம் எழுதுகிறார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதிவுகளில் பாதிக் கதைதான் இருக்கிறது. மற்றப் பாதி வகுப்பறையில் நடக்கிறது. அதைச் சொல்வதற்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கோ.

எங்களுக்கு வீடு சோனகதெருப் பக்கம், படிப்பிக்கிறது இணுவிலில். காங்கேசன்துறை வீதியால் ஒரு சில கிலோமீற்றர்தான். வீட்டில் காலையில் கேட்பது, "வாப்பா தொழுதிட்டு வாறார், கொஞ்சம் பொறுங்கோ." பாடசாலை வாசலில் கேட்பது, "அப்பா கோயிலுக்குப் போட்டு வாறார், கொஞ்சம் பொறுங்கோ." உறவுச் சொல் வேறு, வழிபாட்டுச் சொல் வேறு. அந்த "வாறார்", அந்த "பொறுங்கோ" இரண்டும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் தமிழ் வெளியில் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட தமிழல்ல. இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் பிறந்தது வண்ணார்பண்ணையில், படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். இந்த ஊர்ப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சும்தான் என்பதால் அது மாறும்போது எங்களுக்கும் வலிக்கிறது.

என்ன மாறுகிறது என்பதை முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். சொற்கள் மட்டும் மாறவில்லை.

இலக்கணப் பாடத்தில் சுட்டெழுத்து மூன்று என்று படிப்பிக்கிறோம்: அ, இ, உ. தமிழ்நாட்டுப் பேச்சில் "உ" எப்போதோ போய்விட்டது. அங்கே பிள்ளைகள் அதைப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது வாயில் இருந்தது. "இது" என்றால் என்னிடம் இருப்பது, "அது" என்றால் தூரத்தில் இருப்பது, "உது" என்றால் உன் கைக்குக் கிட்ட இருப்பது. "உதை எடுத்துத் தா", "உவன் ஆர்?", "உங்கை என்ன செய்யிறாய்?" இந்தப் பாடத்துக்கு யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் உதாரணம் தேட வேண்டி இருந்ததில்லை. இப்போது தேட வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் "உது" என்றால் சில பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

"நீர்" என்பதும் அப்படித்தான். "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் ஒரு மரியாதை இருந்தது. "இரும்", "சொல்லும்", "எப்ப வந்தனீர்?" என்று கணவன் மனைவியிடமும், ஆசிரியர் வளர்ந்த மாணவரிடமும் கதைப்பார்கள். அன்பும் இருக்கும், அளவும் இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு "நீர்" என்றால் தண்ணீர். "அவை சொல்லுகினம்" என்பது "அவங்க சொல்றாங்க" ஆகிறது. "வாறியளோ?" என்பது "வர்றீங்களா?" ஆகிறது.

ஒலியிலும் மாற்றம் உண்டு. "காற்று", "வெற்றி" என்று நாங்கள் வாசிக்கும்போது ற்ற என்பது நாக்கு நுனி பல்லடி ஈறில் பட்டு வரும் ஒலி. இந்தியாவில் பெரும்பாலும் "காட்ரு", "வெட்ரி" என்பது போல வாசிக்கிறார்கள். அந்த ஒலி எங்கள் வாயில் இருந்ததால்தான் ஆங்கிலச் சொற்களை "ரிக்கெற்", "கொம்பியூற்றர்", "ரொறன்ரோ" என்று எழுதினோம். இந்தியத் தமிழர் "டிக்கெட்", "கம்ப்யூட்டர்", "டொரண்டோ" என்று எழுதுகிறார்கள். எங்கள் எழுத்துப் பிழை என்று சிலர் நினைக்கிறார்கள். பிழையில்லை, அந்தந்த ஊர்க் காது கேட்டபடி எழுதியதுதான். இப்போது எங்கள் கடைப் பலகைகளிலும் "ட" ஏறிக்கொண்டு வருகிறது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். டிஷ் அன்ரனா வந்தது, தொடர் நாடகம் வந்தது, சுட்டி ரிவி வந்தது, பிறகு யூரியூப், ரிக்ரொக். ஒரு பிள்ளை அம்மாவோடு கதைக்கும் நேரத்தை விடச் சென்னைக் குரல்களைக் கேட்கும் நேரம் கூடிவிட்டால் நாக்கு எந்தப் பக்கம் போகும்? எங்கள் சொந்த வானொலிகளில் கூட அறிவிப்பாளர்கள் பலர் சென்னைக்காரர் போலக் கதைக்கத்தான் முயலுகிறார்கள்.

இது எங்களுக்கு மட்டும் வந்ததுமல்ல. அயர்லாந்தில் 1990களில் பணம் புரளத் தொடங்கிய காலத்தில் டப்ளின் நகரத்தில் புதிய உச்சரிப்பு ஒன்று எழுந்து, இளம் தலைமுறை வழியாக நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது என்று மொழியியலாளர் றேமன்ட் ஹிக்கி எழுதியிருக்கிறார். காசும் கவர்ச்சியும் இருக்கும் இடத்துப் பேச்சைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை.

இதுவரை சொன்னது பலர் சொன்ன கதை. இனித்தான் மற்றப் பாதி.

மூன்று பிள்ளைகளைப் பாருங்கோ. மூன்று பேரும் "ஓம்" என்று சொல்வதில்லை.

முதலாவது பிள்ளை இணுவிலிலேயே பிறந்து ஃபோனோடு வளர்ந்த பிள்ளை. "ஆமா அம்மா, செம சூப்பரா இருக்கு" என்கிறது. வீட்டுக்கு வந்த ஆட்கள், "என்ன வடிவாக் கதைக்கிறாள், ரிவியில கதைக்கிற மாதிரி" என்கிறார்கள். தாய்க்குப் பெருமை.

இரண்டாவது பிள்ளை நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த பிள்ளை. "யா, எனக்கு தண்ணி வேணும் பிளீஸ்" என்கிறது. "ஐயோ செல்லம், எவ்வளவு நல்லாத் தமிழ் கதைக்குது" என்று முழு ஒழுங்கையும் கூடி நின்று கேட்கிறது.

மூன்றாவது பிள்ளையின் குடும்பம் சண்டைக் காலத்தில் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனது. பிள்ளை பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். இப்போது திரும்பி வந்திருக்கிறது. "ஆமா சார், நான் வர்றேன் சார்" என்கிறது. வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. "டேய் இந்தியாக்காரன்!" இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளை கை உயர்த்துவதை விட்டுவிடுகிறது. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறது.

முதல் பிள்ளையின் "ஆமா"வும் மூன்றாவது பிள்ளையின் "ஆமா"வும் ஒரே "ஆமா". ஒன்றுக்குக் கைதட்டு, மற்றதுக்குச் சிரிப்பு. அப்படியென்றால் நாங்கள் சிரித்தது பேச்சைக் கேட்டா? முகாமைப் பார்த்து, காசில்லாத குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தோம். பேச்சு அதற்கு ஒரு சாட்டு.

நகரத்து முஸ்லிம் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது நடந்தது அந்த மாதம் 30ஆம் திகதி, சில மணித்தியாலங்களுக்குள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். அங்கே "என்ன செய்யிறியள்?", "இருங்கோ" என்று வாய் திறந்த உடனேயே "ஓ, யாழ்ப்பாண அகதியா" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகள் மெல்ல மெல்ல "இருங்க", "வாங்க" என்று மாறினார்கள். இருபது முப்பது வருசம் கழித்து அவர்களின் பிள்ளைகள் சொந்த ஊருக்கு வந்து "வாங்க" என்று சொன்னால், இங்கே கேட்கிறார்கள்: "நீங்கள் புத்தளமோ?" அங்கே "கோ" இருந்ததால் வெளியாள், இங்கே "கோ" இல்லாததால் வெளியாள்.

இந்த நாட்டில் உச்சரிப்பு விளையாட்டுக் காரியமல்ல. 1983 ஆடிக் கலவரத்தில் வீதியில் மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் உள்ள சொல்லைச் சொல்லச் சொல்லி, "ப" சரியாக வருகிறதா என்று பார்த்துத் தமிழரைப் பிரித்தார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு எழுத்து உயிரின் விலையாக இருந்த நாடு இது. 1990இல் எங்கள் வாயில் இருந்தது அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ். அது எங்களை ஊரில் வைத்திருக்கவில்லை. இரண்டையும் அனுபவித்த மண்ணில், ஒருவர் கதைக்கிற விதத்தை வைத்து அவர் எங்கட ஆளா இல்லையா என்று தீர்ப்பது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டும் சிரித்தார்கள். 2000இல் வந்த "தெனாலி" படத்தில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் கதைத்தார். அது நகைச்சுவைப் படம், தமிழ்நாடு சிரித்தது. 2025இல் வந்த "டூரிஸ்ட் ஃபேமிலி" படத்தில் இங்கிருந்து கடல் கடந்து போகும் குடும்பத்துக்கு அங்கே கிடைக்கும் புத்திமதி, உங்கள் தமிழை வெளியில் கதைக்காதீர்கள் என்பது. அந்தப் படம் பார்த்து எங்களில் எத்தனை பேர் கண் கலங்கினோம்! அந்த வேதனையை எங்கள் வகுப்பில் இருக்கும் முகாம் பிள்ளை தினமும் பாடசாலை நேரம் முழுக்கப் படுகிறது. படத்துக்கு அழுதவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா?

"யாழ்ப்பாணத் தமிழ்தான் சுத்தத் தமிழ்" என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கிற கதிரை, உடுப்பு வைக்கிற அலுமாரி, சமைக்கிற குசினி, தின்கிற பாண், போடுகிற சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்துச் சொற்கள். வெளிச் சொல் வந்ததால் எங்கள் பேச்சு சாகவில்லை. அந்தச் சொற்களுக்கும் எங்கள் வேற்றுமை உருபைப் போட்டு, எங்கள் இழுவையில் சொல்லி, எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

சுத்தம் பார்த்த ஒரு காலமும் இருந்தது. 1960களில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, படித்த பெரியவர்கள் சிலர் அதை "இழிசனர் வழக்கு" என்றார்கள். அதே பேச்சைத்தான் இன்று "எங்கள் பாரம்பரியம்" என்று பகிர்கிறோம். யாழ்ப்பாணத் தமிழ் என்று ஒன்று மட்டும் எப்போதும் இருந்ததில்லை. தோட்டக்காரர் தமிழ், கடற்கரைத் தமிழ், தீவகத் தமிழ், வடமராட்சித் தமிழ், சோனகதெருத் தமிழ் என்று பல இருந்தன. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மற்றவை சாகும்.

இணுவில் ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த ஊர் இது. கோயில் வீதியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே இது இன்னாருடைய வாசிப்பு என்று சொல்லும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பாணியை ரசிப்பதற்கு இன்னொரு பாணியை நையாண்டி செய்ய வேண்டியதில்லை என்று அந்தக் காதுகளுக்குத் தெரியும். அதே காதைப் பிள்ளைகளின் பேச்சுக்கும் கொடுக்கலாம்.

எங்கள் வகுப்பில் செய்கிற ஒரு சிறிய காரியத்தைச் சொல்கிறோம். விரும்பினால் நீங்களும் செய்து பாருங்கோ. கிழமைக்கு ஒரு கருத்தைக் கொடுத்து, அதற்கு வீட்டில் என்ன சொல்லுவினம் என்று கேட்டு வரச் சொல்கிறோம். ஒரு கிழமை "பிறகு". ஒரு பிள்ளை அம்மம்மாவிடம் கேட்டு "பேந்து" கொண்டு வந்தது. தாய்க்கு மட்டக்களப்பு என்பதால் இன்னொரு பிள்ளை "மறுகா" கொண்டு வந்தது. முகாமில் பிறந்த பிள்ளை "அப்புறம்" என்று எழுதியது. எல்லாவற்றையும் ஒரே சுவரில் ஒட்டினோம். பரீட்சைக்கு எழுதுவது "பின்னர்" என்றும் சொல்லிக் கொடுத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை, மற்றவன் என்ன கொண்டு வந்தான் என்று பார்க்கும் அவசரம்தான் இருந்தது. எழுத்துத் தமிழைப் படிப்பிக்கத்தான் வேண்டும். அதற்காக வீட்டுத் தமிழைப் பிழை என்று சிவப்புப் பேனையால் வெட்டத் தேவையில்லை.

பேச்சு மாறும். அதை ஒருவராலும் நிற்பாட்ட ஏலாது. ஆனால் ஒரு பேச்சைக் கதைக்க வெட்கப்பட வைத்தால் அது மாறுவதற்கு முன்னமே செத்துப்போகும். இன்று முகாம் பிள்ளையின் "ஆமா"வுக்குச் சிரிக்கப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கொழும்பிலோ சென்னையிலோ தன்னுடைய "ஓம்"ஐத் தானே மறைத்துக்கொள்ளும். "உது"வும் "நீர்"உம் பிழைக்க வேண்டும் என்றால், முதலில் எந்தப் பிள்ளையும் தன் வாயைத் திறக்கப் பயப்படக் கூடாது.

பெற்றோரிடம் இரண்டே இரண்டு வேண்டுகோள். வீட்டில் அம்மம்மாவோ, அப்பாச்சியோ, உம்மும்மாவோ இருந்தால் இன்றைக்கே பத்து நிமிடம் அவர் கதைப்பதை ஃபோனில் பதிந்து வையுங்கோ. நூலகம் நிறுவனம் போன்றவர்கள் வாய்மொழி வரலாறுகளைச் சேர்க்கிறார்கள்தான், ஆனால் உங்கள் வீட்டுக் கிழவியின் குரல் உங்களிடம்தான் இருக்கிறது. மற்றது, உங்கள் பிள்ளை வகுப்பில் ஒருவன் "வேறை மாதிரிக் கதைக்கிறான்" என்று வந்து சொன்னால் சேர்ந்து சிரிக்காதேங்கோ. அவன் எங்கை இருந்து வந்தவன், அங்கை என்னத்துக்கு என்ன சொல்லுவினம் என்று கேட்டு வரச் சொல்லுங்கோ.

உங்கள் வீட்டில் "பிறகு" என்பதற்கு என்ன சொல்லுவீங்கள்? ஊரையும் சேர்த்துக் கீழே எழுதுங்கோ. அடுத்த கிழமை வகுப்புச் சுவரில் ஒட்டுகிறோம்.