கூலியை மறைத்த சொல்

ஒரு சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்குச் சொற்கள் பெரும்பாலும் உழவர் வாயிலும் கைவினைஞர் வாயிலும் தாய்மார் வாயிலும் பிறந்தனவாகவே தென்படும். பிறந்த நாளும் பெற்ற தந்தையும் தெரிந்த சொற்கள் மிகச் சிலவே. அமெரிக்க ஆங்கிலத்தில் அத்தகைய சொல் ஒன்று உண்டு. தமிழில் அதனை 'மாணவ விளையாட்டாளர்' என்று பெயர்க்கலாம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஒரு கையில் சுவடி, மறு கையில் பந்து. ஆயின் அச்சொல் பிறந்தது பள்ளியிலும் அன்று, ஆடுகளத்திலும் அன்று. கூலி கொடாமைக்கு வழி தேடிய ஓர் அலுவலகத்தில் அது பிறந்தது. அதனைப் பிறப்பித்தோர் தலைவரே பின்னாளில் அதனைத் தம் நூலில் எழுதி வைத்தார்.

நடந்தது இது. கொலராடோ மாநிலத்துத் தென்வர் பல்கலைக்கழகத்தில் நெமெத்து என்னும் இளைஞர் காற்பந்தாடினார். (காற்பந்து என்று பெயரிட்டுக்கொண்டு பெரும்பாலும் கையாலேயே தூக்கிக்கொண்டோடும் அமெரிக்க விளையாட்டையே ஈண்டுக் குறிக்கின்றோம். பெயர்ப்பொருத்தம் பற்றி அந்நாட்டார் கவலைப்படுவதில்லை என்பதற்கு இன்னுமொரு சான்று பின்னர் வரும்.) பந்தாட வந்தமைக்காகவே அவர்க்குச் சிறு வேலைகள் தரப்பட்டன, உணவும் உறையுளும் அவற்றால் கிடைத்தன. 1950இல் பயிற்சியின்போது காயமுற்றார். அவர் கூலியாளரே, ஆதலின் இழப்பீடு பெறத் தக்கவரே என்று கொலராடோ உச்ச முறைமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நாடெங்கும் பரவின் என்னாகும் என்று கல்லூரிகள் நடுங்கின. அக்காலத்தில் நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் செயல்தலைவராய் இருந்தவர் வால்தர் பையர்சு. அவரும் அவர்தம் வழக்குரைஞரும் கூடி 'மாணவ விளையாட்டாளர்' என்னும் சொல்லைக் கட்டமைத்து, கழகத்தின் நெறிமுறைகள் அனைத்திலும் புகுத்தினர். 'ஆட்டக்காரர்' என்னும் பழஞ்சொல்லின் இடத்தில் இப்புதுச்சொல் ஏறி அமர்ந்தது.

அது வேலை செய்யத் தொடங்கிய விரைவைப் பாருங்கள். 1955இல் அதே கொலராடோவில் போர்ட்டு லூயிசு கல்லூரிக்காக ஆடிய இரே தென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர்தம் மனைவி இழப்பீடு கேட்டார். 1957இல் அதே மாநில உச்ச முறைமன்றம் இல்லையென்று கைவிரித்தது. கல்லூரி காற்பந்து வணிகம் நடத்தவில்லை என்பதே அது கூறிய கரணியம். நான்காண்டுக்குள் அதே மன்றத்தில் இரு வேறு முடிவுகள்! இரண்டு வழக்குகளின் செய்திகளும் முற்றும் ஒன்றல்ல என்று வழக்கறிவாளர் கூறுவர், கூறட்டும். மண்ணுள் போனவன் மனைவிக்கு அவ்வேறுபாடு என்ன ஆறுதல் தரும்?

1974இல் தெக்சாசு கிறித்தவப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கென்று வால்திரெப்பு, அலபாமா அணியோடு பொருதபோது கழுத்தெலும்பு நொறுங்கிக் கழுத்துக்குக் கீழ் உணர்வற்றுப் போனார். நெடுங்காலம் வழக்காடிய அவர்க்கும் 2000ஆம் ஆண்டில் தெக்சாசு மேல்முறையீட்டு மன்றம் கூலியாளர் என்னும் நிலையை மறுத்தது. நாற்பதாண்டுக்கு முன் பிறந்த ஒரு சொல் அன்றும் அவர்தம் படுக்கையருகே காவல் நின்றது.

'படிப்பு இலவயமாகக் கிடைக்கின்றதே, அது கூலியாகாதா?' என்று கேட்போர் உளர். நல்ல கேள்வியே. படிப்பின் பெருமையை ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் கூலி இவ்வளவுதான் என்று கொடுப்போர் அனைவரும் தமக்குள் கூடி முடிவு செய்துகொண்டு, வாங்குவோன் வாயைத் திறக்கவும் கூடாதென்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. பணம் தீண்டாத தூய விளையாட்டு அங்கு என்றேனும் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் தம்முள் பொருத முதற் போட்டி 1852இல் ஆர்வர்டும் யேலும் ஓட்டிய படகுப் போட்டி. அதற்குச் செலவு செய்தது ஓர் இருப்புப்பாதை நிறுவனம். ஏரிக்கரைக்குச் சுற்றுலா வருவோரைத் தன் வண்டியில் ஏற்றுவதே அதன் நோக்கம். தொட்டிலிலேயே வணிகன் கை பட்ட குழந்தை இது.

இன்று அக்குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கின்றது! ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் 68 கல்லூரிகள் பொருதும் கூடைப்பந்துப் போட்டியை 2025 முதல் 2032 வரை ஒளிபரப்பும் உரிமைக்கு மட்டும் 880 கோடி தாலர். 2023 நவம்பரில் தெக்சாசு வேளாண் பொறியியற் பல்கலைக்கழகம் தன் காற்பந்துப் பயிற்றுநரை வேலையிலிருந்து நீக்கியது. உடன்படிக்கைக் காலம் முடியுமுன் நீக்கியமைக்காக அவர்க்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி தாலருக்கும் மேல். வேலை செய்யாமலிருக்க இவ்வளவு கூலி! அவர் கீழ் ஆடி முட்டி உடைந்த இளைஞனோ அண்மைக்காலம் வரை தன் பெயர் பொறித்த மேலாடையை விற்றுப் பத்துத் தாலர் பெற்றாலும் குற்றவாளி. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பர் நம்மவர். இங்கே மிஞ்சியது மலையளவு, உழுதவனுக்குக் கணக்குப் பார்க்கும் உரிமைதான் இல்லை.

இவ்வளவும் சொல்லும் யாம் அப்போட்டியின் பகைவர் அல்லேம், நெடுநாட் சுவைஞரேம். ஒரு தோல்வி, உடனே வெளியேற்றம் என்னும் அம்மார்ச்சுப் போட்டிக்கு நிகரான விளையாட்டு விருந்து வேறில்லை என்பது எம் துணிபு. 2023இல் நியூ செர்சி மாநிலத்துப் பேர்லே திக்கின்சன் என்னும் சிறு கல்லூரி, முதற்பிரிவுக் கல்லூரிகள் அனைத்தினும் உயரங் குறைந்த அணியை வைத்துக்கொண்டு, ஏழடி நான்கு விரலம் உயர்ந்த ஆடுநரைக் கொண்ட பர்தூவை வீழ்த்தியதே, அதனைக் கண்டவர் மறப்பரோ? தொழில்முறைக் கூடைப்பந்தில் திறம் மிகுதி. கல்லூரிக் கூடைப்பந்தில் நெஞ்சு மிகுதி. அந்நெஞ்சைப் பெயரின்றி விலைக்கு விற்றவர்கள்மேல்தான் எம் சினம்.

காலம் ஒருவாறு திரும்பிற்று. உலுசு ஏஞ்சலிசுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆடிய எட்டு ஓ'பேனன், தம் உருவம் தம்மைக் கேளாமலே ஒரு கணிப்பொறி விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நடுவர் கிளாதியா வில்கன் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2021 சூனில் அமெரிக்க உச்ச முறைமன்றத்து ஒன்பது நடுவரும் ஒருமித்துக் கழகத்துக்கு எதிராகத் தீர்த்தனர். அவருள் ஒருவரான காவனா, கூலி கொடாமையே எம் சரக்கின் சிறப்பு என்று வேறெந்த வணிகனும் இந்நாட்டில் சொல்லித் தப்ப முடியாது என்னும் கருத்துப்படத் தனியுரை எழுதினார். எமக்கும் அவர்க்கும் பிற செய்திகளில் ஒத்துப்போகும் என்று எண்ணுவதற்கில்லை. இதில் அவர் சொன்னது முற்றும் சரி. அடுத்த திங்களே ஆடுநர் தம் பெயரையும் உருவையும் விளம்பரத்துக்குத் தந்து பொருள் பெறக் கழகம் இசைந்தது. 2025 சூன் 6ஆம் நாள் அதே நடுவர் வில்கன் ஒப்புதலளித்த இணக்கத்தின்படி, 2016 முதல் ஆடியோர்க்கு 280 கோடி தாலர் பத்தாண்டில் தரப்படல் வேண்டும். கல்லூரிகளும் 2025–26இல் தத்தமக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலக்கம் தாலர் வரை ஆடுநர்க்கு நேரே பகிரலாம்.

உடனே எழுந்தது ஒரு புலம்பல். ஆடுநர் ஆண்டுதோறும் கல்லூரி மாறுகின்றனராம்; பணம் மிகுதியாகத் தருவோரிடம் ஓடுகின்றனராம்; பற்றும் மரபும் பட்டுப்போயினவாம். முன்னெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். 2021இல் அத்தளை ஒருமுறைக்கும், 2024இல் முற்றிலுமாகவும் தளர்ந்தது உண்மையே. இதனால் ஆட்டத்தின் இன்பம் ஒருசிறிது குறைந்ததையும் மறுக்க மாட்டோம். நான்காண்டு ஓரணியில் வளர்ந்து முதிரும் இளைஞனைக் காண்பது ஓரின்பம். ஆனால் பயிற்றுநர் நடு உடன்படிக்கையில் பெட்டி கட்டியபோது இப்புலம்பலாளர் எங்கிருந்தனர்? பத்தொன்பது அகவை இளைஞனுக்கு மட்டுமா மரபு?

தொழில்முறை அடிபந்தாட்டத்திலும் இதே ஒப்பாரி முன்பு கேட்டதுண்டு. 1969இல் செயின்று உலூயிசு அணியினர் கர்ட்டு பிளட்டு என்னும் கறுப்பின ஆடுநரைப் பிலதெல்பியாவுக்கு மாற்றினர். விலைக்கு வாங்கி விற்கப்படும் உடைமையல்லேன் யான் என்று அவர் மறுத்தார். 1972இல் உச்ச முறைமன்றத்தில் ஐவர்க்கு மூவராகத் தோற்றார். அவர்தம் ஆட்டவாழ்வோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1975 திசம்பரில் வேறிருவர் தொடுத்த முறையீட்டில் அத்தளை அறுந்தது. அடிபந்தாட்டம் அழிந்தே போகும் என்றனர் உடைமையாளர். அழிந்ததா? அவர்களே கொழுத்தனர். எனவே தளை நீங்கியதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆடுநர் தமக்கெனக் கழகம் அமைத்து, ஈராண்டு மூவாண்டு என்று நேர்மையான உடன்படிக்கை செய்துகொள்ள வழிவிட்டால் ஓட்டமும் தானே அடங்கும்.

மரபைக் கொன்றவர் யார் என்று அறிய வேண்டுமாயின் கூட்டணிகளைப் பாருங்கள். 1915இல் வேர்விட்ட பசிபிக்குக் கடற்கரைக் கூட்டணியிலிருந்து 2024இல் பத்துக் கல்லூரிகள் தொலைக்காட்சிப் பணம் தேடிப் பிரிந்து சென்றன, இரண்டே எஞ்சின. பசிபிக்குக் கரையிலுள்ள தான்போர்டு இன்று அத்திலாந்திக்குக் கடற்கரைக் கூட்டணியில்! 'பெரும்பத்து' என்னும் கூட்டணியில் பதினெட்டுக் கல்லூரிகள், 'பெரும்பன்னிரண்டில்' பதினாறு. எண்ணலளவை ஆகுபெயர் என்று நன்னூலார் ஒன்று சொன்னார். எண்ணும் பொருந்தாத ஆகுபெயரை எந்த நூற்பாவில் அடக்குவதென்று தெரியவில்லை. நகைப்பு ஒருபுறமிருக்க, உலுசு ஏஞ்சலிசிலிருந்து நியூ செர்சிக்கு ஏறத்தாழ 4,000 கி.மீ. காற்பந்தணிக்கு ஏதோ சிலமுறை; கைப்பந்தும் மென்பந்தும் ஆடும் பிள்ளைகளோ கிழமை நடுவிலும் வானூர்தியேற வேண்டும். அவர்கள் ஆட்டத்தால் ஒரு காசும் வருவதில்லை. காற்பந்துப் பணத்துக்காக அவர்கள் உறக்கம் விற்கப்படுகின்றது. இதைச் செய்த தலைவர்களே 'மாணவர்' என்னும் சொல்லை நாளும் ஓதுகின்றனர்.

பெண்டிர் ஆட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024இல் தென் கரோலினாவும் அயோவாவும் பொருத இறுதிப் போட்டியை ஏறத்தாழ 1 கோடியே 89 இலக்கம் மக்கள் கண்டனர். ஆடவர் இறுதியைக் கண்டோர் 1 கோடியே 48 இலக்கமே. அயோவாவின் கெயித்லின் கிளார்க்கு அவ்வாண்டே தொழில்முறை அணியில் முதலாவதாகத் தெரிவு செய்யப்பெற்றார். அவர்க்கு முதலாண்டுச் சம்பளம் 76,535 தாலர். அதற்கு முந்தின ஆண்டு ஆடவருள் முதலாவதாகத் தெரிவு பெற்றவர்க்கோ ஏறத்தாழ 1 கோடியே 20 இலக்கம் தாலர். இரு கழகங்களின் வருவாயும் ஒன்றல்ல என்பதை அறிவோம். இருந்தும் நூற்றைம்பது மடங்கு வேறுபாடு எந்த வருவாய்க் கணக்குக்கும் அடங்காது. 2025 இணக்கத்தின் பழைய பாக்கியிலும் பெரும்பங்கு ஆடவர் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே செல்கின்றமையால், பெண் ஆடுநர் சிலர் அத்திங்களே மேல்முறையீடு செய்தனர். செய்தது நன்று.

தொழில்முறை ஆட்டங்களில் எம் மனத்தை மிக வருத்தியது ஓக்லாந்து நகரின் நிலை. 2019இல் கூடைப்பந்தணி சான் பிரான்சிசுகோவுக்குப் போயிற்று. 2020இல் காற்பந்தணி இலாசு வேகாசுக்கு. 1968 முதல் அங்கிருந்த அடிபந்தணியும் 2024 செபுதம்பர் 26இல் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பியது. அதற்கு நெவாதா மாநிலம் தர இசைந்த பொதுப்பணம் 38 கோடி தாலர் வரை. கப்பல்துறைத் தொழிலாளரும் கறுப்பின மக்களும் தம் பிள்ளைகளோடு ஐம்பதாண்டு கூவி வளர்த்த பெயர், ஒரு செல்வரின் கைப்பெட்டியில் ஏறிப் போய்விட்டது. போகவே முடியாத அணியும் ஒன்று உண்டு. இலக்கம் பேரைச் சற்றே விஞ்சிய சிற்றூரான கிரீன் பேயின் காற்பந்தணி 1923 முதல் ஊராரின் பங்குடைமையாகவே உள்ளது. பங்குக்கு ஆதாயம் கிடையாது, விற்றுப் பணமாக்கவும் வழியில்லை; ஆயினும் ஐந்திலக்கத்துக்கு மேற்பட்டோர் பங்கு வைத்துள்ளனர். இனி எவரும் இவ்வாறு ஊருடைமையாக அணி வைத்தல் கூடாதென்று அக்காற்பந்துக் கழகமே நெறிமுறை வகுத்துக்கொண்டதன் கரணியம் நம் படிப்பாளர்க்கு விளக்க வேண்டா. 2018க்குப் பின் மாநிலந்தோறும் இசைவு பெற்ற சூதாட்டம் இவ்வெல்லா ஆட்டங்களையும் அரித்து வருவது தனியே எழுதத் தக்க செய்தி.

மீண்டும் அச்சொல்லுக்கே வருவோம். பணம் பகிரப்படுகின்றது, பெயர் விற்கப்படுகின்றது, ஆனால் 'கூலியாளர்' என்னும் சொல்லை மட்டும் கழகம் இன்றும் வாயில் வைக்க மறுக்கின்றது. தார்த்துமத்துக் கல்லூரிக் கூடைப்பந்தணியினர் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்னும் ஒப்போலையில் தொழிலாளராய் அமைப்பாயினர். அரசியற் காற்று மாறியதும் ஆண்டிறுதியில் முறையீட்டைத் திரும்பப் பெற்றனர். விளையாட்டு முடித்து வெளியேறியோரின் காயத்துக்கு ஈராண்டு வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 ஆகத்து முதல் கழகம் வழங்குகின்றது. வால்திரெப்பு காயமுற்றபின் ஏறத்தாழ நாற்பத்தேழாண்டு உயிரோடிருந்தார். எஞ்சிய நாற்பத்தைந்து ஆண்டுக்கு யார் பொறுப்பு என்பதனை 280 கோடி தாலர் இணக்கத்தின் எந்தப் பக்கமும் கூறவில்லை. 'மாணவ விளையாட்டாளர்' என்னும் சொல் அதன் நெறிமுறைகளில் இன்றும் இருக்கின்றது.