மண் பைக் தயாராவது இங்கே... ஓட்ட மண் எங்கே? காஞ்சீபுரம் மாவட்டத்தின் வினோத நிலை

ஐயம்பேட்டை:

வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழையை ஒட்டி, கஞ்சி போட்டு முடித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எவனாவது சைலன்சரைக் கழற்றிய பைக்கில் 'டர்ர்ர்' என்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால் நெசவாளிக்கு எப்படி இருக்கும்? வருவது பக்கத்து வீட்டுப் பையனாகவே இருந்தாலும் திட்டு நிச்சயம்.

காஞ்சீபுரம்-செங்கல்பட்டு சாலையில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஐயம்பேட்டை, பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். (தஞ்சாவூர் பக்கத்து ஐயம்பேட்டை வேறு.) அப்பா தறியில் உட்கார்ந்தார். பிள்ளையோ கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறான். இந்த வட்டாரத்தில் பல வீடுகளின் கதை இதுதான்.

அப்படிப் போகிற இடத்தில் என்ன தயாராகிறது தெரியுமா? மோட்டார் சைக்கிள்! ராயல் என்பீல்டு கம்பெனிக்கு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் இருக்கின்றன. யமகா ஆலையும் வல்லம் வடகாலில் இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை. இருங்காட்டுக்கோட்டையில் நாடறிந்த ரேஸ் மைதானம்.

பைக் இருக்கிறது, டயர் இருக்கிறது, ரேஸ் மைதானமும் இருக்கிறது. ஆனால் மண்ணில் பைக் ஓட்ட ஆசைப்படும் பையனுக்கு, போலீஸ் பிடிக்காத, எலும்பு முறிந்தால் ஆம்புலன்ஸ் நிற்கிற ஒரு துண்டு இடம் கிடையாது. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

அந்தக்காலத்து முரட்டு வண்டிகள்

மண்ணில் வண்டி ஓட்டுவது இன்றைக்குப் புதுசாக முளைத்த மோகம் அல்ல. தார் ரோடு எட்டிப்பார்க்காத காலத்தில் எல்லா பைக்கும் மண் பைக்தான்.

எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் 175 அப்படி ஒரு வண்டி. போலந்து நாட்டு மாடலைப் பார்த்து 1960-களில் இங்கே தயாரானது. பார்க்க அழகு கிடையாது. ஆனால் பால் கேனைக் கட்டினாலும் சரி, புடவை மூட்டையைக் கட்டினாலும் சரி, முனகாமல் போகும்.

அடுத்தது மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி தயாரித்த ஜாவா, எஸ்டி வண்டிகள். ஒரே நெம்புகோல்தான் கிக்கர், அதுவேதான் கியர். பழகாதவன் உதைத்தால் திருப்பி உதைக்கும். இரண்டு பக்கமும் சைலன்சர். சத்தத்தை வைத்தே வருவது யார் என்று தெருக்கோடியில் இருப்பவர் சொல்லிவிடுவார். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. எஸ்டி என்ற பெயர் 2022-ல் வேறு கம்பெனியின் கையில் மறுபடி உயிர் பெற்றது. அதில் ஒரு மாடலின் பெயரே 'ஸ்கிராம்ப்ளர்', அதாவது மண் ரோட்டு வண்டி.

1985-ல் வந்த யமகா ஆர்.எக்ஸ்.100 இன்னொரு ரகம். 98 சி.சி. என்ஜின், சுமார் 100 கிலோ எடை. திருகினால் பாயும். 1996-ல் உற்பத்தி நின்றபிறகும் அதற்கு இருக்கும் மவுசு குறையவில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் பைக்குகளின் காலம் முடிந்தது. அந்த லேசான எடையும், சட்டென்று கிடைக்கும் இழுவையும் மண்ணுக்கு ஏற்றவை. பழைய ஆசாமிகள் இன்றைக்கும் அதைச் சொல்லி ஏங்குவது சும்மா இல்லை.

இவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்ட வண்டி ஒன்று உண்டு. 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50! வரப்போ, ஏரிக்கரையோ, ஆற்று மணலோ அது போகாத இடமில்லை. தமிழ்நாட்டின் அசல் மண் வண்டி அதுதான் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அது வேற, இது வேற

கரடுமுரடான பாதையில் ஓட்டுவது வேறு, பந்தயம் என்பது வேறு. இங்கிலாந்தில் 1924-ல் கேம்பர்லி என்ற ஊரில் மேடு பள்ளத்தில் நடந்த போட்டிதான் 'மோட்டோகிராஸ்' பந்தயத்தின் ஆரம்பம் என்கிறார்கள். இயற்கையான மண் மேடுகளில் நடப்பது அது. லாரி லாரியாக மண் கொட்டி, ஸ்டேடியத்துக்கு உள்ளேயே மேடு எழுப்பிப் பறக்கவிடுவது 'சூப்பர்கிராஸ்'. 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேடியத்தில் நடந்த போட்டி இதற்குப் பிள்ளையார் சுழி.

இதற்கான பைக்கில் ஹெட்லைட் இருக்காது, நம்பர் பிளேட் இருக்காது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், உயரமான மட்கார்டு, ஒரு அடி அளவுக்கு அமுங்கி எழும்பும் ஷாக் அப்சார்பர். ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு கிடைக்காது.

ரோட்டிலும் ஓடி, மண்ணிலும் ஓடுகிற பைக்கை 2011-ல் ஹீரோ கம்பெனி 'இம்பல்ஸ்' என்ற பெயரில் இறக்கியது. அப்போது வாங்க ஆள் இல்லை. சில வருஷங்களில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 2016-ல் ராயல் என்பீல்டு 'ஹிமாலயன்' வந்தது. முன் சக்கரம் 21 இஞ்ச். தரையில் இருந்து 220 மில்லிமீட்டர் உயரம். 2019-ல் ஹீரோ 'எக்ஸ்பல்ஸ்' வந்தது. 2023-ல் ஹிமாலயன் 450 வந்தது. இப்போது லடாக் போகிறவன் முதல் காலேஜ் பையன் வரை இந்த உயரமான வண்டிகள்தான் கண்ணில் நிற்கின்றன.

பாலைவனத்தில் பறந்த கொடி

மண் பந்தயங்களில் எல்லாம் பெரியது 'டக்கார் ராலி'. 1978 டிசம்பரில் பாரீசில் கிளம்பி ஆப்பிரிக்காவின் டக்கார் நகரம் போனதால் அந்தப் பெயர். 2020-ல் இருந்து சவுதி அரேபியாவில் நடக்கிறது. இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், மணல்.

இதில் பைக்கில் முழுத் தூரத்தையும் முடித்த முதல் இந்தியர் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ். 2015-ல் 36-வது இடம். கேரளாவின் ஹரித் நோவா, ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியும் பிரான்சின் ஷெர்கோ கம்பெனியும் சேர்ந்து நடத்திய அணிக்காக ஓட்டியவர். 2024-ல் 'ராலி-2' பிரிவில் முதலிடம் பிடித்தார். ஒட்டுமொத்தப் பட்டியலில் 11-வது இடம்! அதே ஆண்டில் ஹீரோ அணியின் ராஸ் பிராஞ்ச் இரண்டாவதாக வந்தார். பெங்களூர் வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பெண்கள் பிரிவில் உலக பாஜா கோப்பையை வென்று வந்தார்.

இது பூப்பாதை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 டக்காரில் ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வ்ஸ் விபத்தில் உயிரிழந்தார். 2021-ல் சந்தோஷ் படுகாயம் அடைந்து பிழைத்து வந்தார். முறையாகப் பழகி, டாக்டரும் ஹெலிகாப்டரும் பின்னால் வருகிற இடத்திலேயே இந்தக் கதி. ஒன்றுமே பழகாத பையன் நெடுஞ்சாலையில் வித்தை காட்டினால் என்ன ஆகும்?

தார் உண்டு... மண் இல்லை

என்ன ஆகும் என்பதை இதே மாவட்டம் பார்த்துவிட்டது. 2023 செப்டம்பரில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சீபுரம் அருகே தாமல் என்ற இடத்தில், பல லட்சம் ரசிகர்களைக் கொண்ட யூ-டியூபர் ஒருவர் முன் சக்கரத்தைத் தூக்க முயன்று விழுந்து கை உடைந்தது. பாலுசெட்டி சத்திரம் போலீசார் வழக்குப்போட்டுக் கைது செய்தனர். அவரது டிரைவிங் லைசென்சை 10 ஆண்டுகளுக்கு முடக்கியது ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

சட்டத்தில் ஓட்டை இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் தடவை ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில். 18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ.25 ஆயிரம் அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில், வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. பழைய பைக்கை வெட்டி ஒட்டி 'டர்ட் பைக்' ஆக்கினாலும் சிக்கல்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இல்லாமல் இஷ்டத்துக்கு மாற்றுவது குற்றம்.

தறிக் கூலியிலோ கம்பெனி சம்பளத்திலோ ஓடும் குடும்பத்துக்கு 25 ஆயிரம் என்பது சாதாரண காசா? பையன் ஒரு நிமிஷம் சக்கரத்தைத் தூக்கினால் வீடே ஆடிப்போகும்.

போகாதே என்று சொல்ல சட்டம் இருக்கிறது. இங்கே போ என்று காட்டத்தான் இடம் இல்லை.

இத்தனைக்கும் பைக் ரேசுக்கு இந்த வட்டாரம் புதுசு அல்ல. 1950-களில் இருந்து சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய ரேஸ்களைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை மைதானம் வந்தது. தேசிய பைக் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. ஆனால் அதெல்லாம் தார் ரோட்டுப் பந்தயம்.

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் பார்முலா-4 கார் பந்தயம் நடந்தது. தமிழக அரசும் கைகோத்த விழா அது. அதே 2024-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் லீக், முதல் சீசனை புனே, ஆமதாபாத், பெங்களூரு நகரங்களில் நடத்தியது. டயர் செய்யும் ஊர், பைக் செய்யும் ஊர் எல்லாம் இருக்கிற தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு சுற்றுகூட இல்லை. தேசிய சூப்பர்கிராஸ் போட்டிகள் கோவையில் நடந்ததுண்டு. காஞ்சீபுரம் பக்கத்துப் பையன் கோவை போய்ப் பழகிவிட்டு வர முடியுமா?

"பணக்காரப் பசங்க விளையாட்டு"

இப்படி ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. வெளிநாட்டு மோட்டோகிராஸ் பைக்கின் விலையைக் கேட்டால் தலைசுற்றும். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் எல்லாம் சேர்ந்தால் ஒரு செலவு. ஆனால் தேசியப் போட்டிகளில் இந்திய பைக்குகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கார் ரேசுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் மோட்டார் பந்தயங்களில் ஏழைக்குக் கொஞ்சமாவது எட்டுவது மண் பந்தயம்தான்.

புழுதி, இரைச்சல் என்ற புகார் நியாயமானது. பாவு விரிக்கிற தெருவுக்குப் பக்கத்தில், கோவில் நகரத்தின் நடுவில் இதைக் கொண்டுவர முடியாது. ஏரியிலும் பாலாற்றிலும் விடவும் கூடாது. தண்ணீர் நிற்கிற இடத்தில் சக்கரம் ஓடவேண்டிய அவசியம் இல்லை. வேறு இடமா இல்லை? இருங்காட்டுக்கோட்டை மைதானம் இருக்கிறது. தொழிற்பேட்டைகளைச் சுற்றி வீடுகள் இல்லாத பகுதிகள் இருக்கின்றன.

தேவை பெரிய ஸ்டேடியம் அல்ல. வேலி போட்ட சில ஏக்கர் மண், நாலைந்து மேடு, புழுதி அடங்கத் தண்ணீர் லாரி, பயிற்சி சொல்ல ஒரு ஆள், வாசலில் ஆம்புலன்ஸ். ஹெல்மெட் இல்லாதவனுக்கு உள்ளே இடம் இல்லை என்ற கண்டிப்பு. ஐரோப்பாவில் 6, 7 வயதுப் பிள்ளைகள் 50 சி.சி. குட்டி பைக்கில் இப்படித்தான் விழுந்து எழுந்து பழகுகிறார்கள். விழுவதற்கும் பயிற்சி வேண்டும். அதை நெடுஞ்சாலையில் கற்றுக்கொள்ள முடியாது.

பைக், டயர் கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. தங்கள் வண்டி மலை ஏறும், மணலில் பாயும் என்று டி.வி.யில் காட்டுகிறார்கள். அந்த வண்டியைப் பூட்டுகிற தொழிலாளியின் தம்பி அதை ஓட்டிப் பார்க்க ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு மைதானம் போட்டுக் கொடுத்தால் என்ன? விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கிளப்பும் கம்பெனிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஆகிற காரியம்தான்.

தறியில் கோர்வை போடப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே பட்டைக் கொடுத்து விடுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, தப்பு செய்தால் பிரித்து, மறுபடி போடவைத்துத்தான் கை பழக்குகிறார்கள். அந்தப் பொறுமை ஐயம்பேட்டைக்குத் தெரியும். கையில் பைக் சாவியை வைத்துக்கொண்டு துடிக்கிற பையனுக்கும் அப்படி ஒரு இடத்தையும் ஒரு வாத்தியாரையும் காட்டினால் தெருவும் அமைதியாகும், நெடுஞ்சாலையும் தப்பிக்கும்.

இல்லாவிட்டால் அபராதச் சீட்டு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னொரு பக்கம் என்று வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் யோசிப்பார்களா?