பொம்மைச் செல்வம்

ஆறு பாயும் நாட்டில் பொம்மைக்குப் பஞ்சம் இல்லை. நீர் வடிந்த கரையில் படிந்து கிடக்கும் வண்டலும் மணலுமே குழந்தையின் கைக்கு முதற்பொருள்களாக அமைகின்றன. சங்க காலத்து இளமகளிர் நீர்த்துறையில் பாவை செய்து விளையாடினர். அதற்கு வண்டற்பாவை என்று பெயர். தான் செய்த பாவையைக் கடலலை கவர்ந்து செல்லவே, சினங்கொண்டு மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முயன்ற சிறுமி ஒருத்தியை ஐங்குறுநூறு காட்டுகிறது. பொம்மையின்மீது பெண்குழந்தைக்கு உள்ள பற்றுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சிறுமியின் இப்பற்றைக் கண்டு உலகம் மகிழ்கிறது. ஆனால் அதே பற்று வளர்ந்தவரிடம் காணப்படின் உலகம் நகைக்கிறது. நாற்பது வயதுடைய ஒருவர் அஞ்சல்தலை சேர்த்தால் அவரை அறிவுடையார் என்பர். பழங்காசு சேர்த்தால் வரலாற்று ஆர்வலர் என்பர். ஆடை அணிந்த பொம்மைகளைச் சேர்த்தால் மட்டும், ‘இன்னும் பிள்ளை விளையாட்டுப் போகவில்லையோ?’ என்பர். இவ்வேற்றுமை முறையாகுமா?

இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரி வளம்படுத்தும் தஞ்சை நாட்டில் புரட்டாசித் திங்கள் உழைப்பு மிகுந்த காலம். ஒருபுறம் குறுவை அறுவடை நடைபெறும். மறுபுறம் சம்பா நடவு நடைபெறும். அந்நாட்களிலேதான் நவராத்திரியும் வருகிறது. பல இல்லங்களில் பரண்மேல் இருந்த பெட்டிகள் இறக்கப்படுகின்றன. பழந்துணியில் பொதிந்து வைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் அமைகின்றன. கடை விரித்து அமர்ந்த செட்டியாரும், திருமண ஊர்வலமும், தலையாட்டிப் பொம்மையும் அப்படிகளில் இடம் பெறுகின்றன.

ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றேனும் வாங்கிச் சேர்ப்பது கொலு வைப்போரின் வழக்கம். பாட்டி வாங்கியது, தாய் வாங்கியது, மருமகள் பிறந்தகத்திலிருந்து கொண்டு வந்தது என மூன்று தலைமுறையின் தேட்டம் ஒரே படியில் நிற்பதுண்டு. இவற்றைத் தேடிச் சேர்ப்பவர் சிறுமியர் அல்லர். குடும்பத்தை நடத்தும் பெண்டிர். ஆகவே, வளர்ந்தோர் பொம்மை சேர்ப்பது நேற்று மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை அன்று; தமிழகத்து இல்லங்களில் வேரூன்றிய வழக்கமே ஆகும்.

கொலுவில் முதன்மை பெறுவது மரப்பாச்சி. செம்மரம் போன்ற உறுதியான மரத்தில் கடைந்து செதுக்கிய ஆணும் பெண்ணுமான இணை அது. மணமகளுக்குத் தாய்வீட்டார் அதனைச் சீரோடு தருவது பழைய வழக்கம். தச்சன் தருவது உடல் மட்டுமே. உடையும் அணியும் தருபவர் வீட்டார். ஆண் பொம்மைக்கு வேட்டியும் அங்கவத்திரமும் தலைப்பாகையும் அணிவிப்பர். பெண் பொம்மைக்குச் சேலை கட்டி, மணிமாலை பூட்டிப் பின்னலும் வைப்பர். சென்ற ஆண்டின் உடை இவ்வாண்டு மாறும். உடை மாற்றி அழகு காண்பதற்கு உரிய பொம்மையையே இன்று ஆடைப் பொம்மை என்று வழங்குகின்றனர். அப்படியாயின், பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. மரப்பாச்சியும் ஆடைப் பொம்மையே.

இச்சிறிய உடைகளை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிடுதல் தகாது. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாடு ஒரு காலத்தில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம் போட்ட சேலைக்குப் பெயர் பெற்றது. மணமகளின் கூறைப்புடவையாக அது தஞ்சை நாட்டு இல்லங்களில் மதிக்கப்பட்டது. இன்று அங்கே அந்நெசவு மிகவும் சுருங்கிவிட்டது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டு நெசவு நிலைத்து நிற்கிறது; கூறைநாட்டிற்கு அப்பேறு முழுமையாக வாய்க்கவில்லை. சேலைகள் கிழிந்து மறைந்துவிடும். ஆனால் கிழிந்த சேலையின் நல்ல பகுதியை வெட்டிப் பொம்மைக்கு உடுத்துவது தாய்மார் பழக்கம். அத்துணுக்கில் நூலின் கலப்பும், கட்டத்தின் அளவும், கரையின் நிறமும் அப்படியே இருக்கும். மனிதர் உடுத்தியது அழிந்த பின்னும் பொம்மை உடுத்தியது எஞ்சும். அதனைக் குப்பை என்று எறிபவர் ஓர் ஊரின் கைத்திறனுக்கான சான்றை எறிகின்றனர்.

ஆடையின் செய்தியைப் பொம்மை சுமக்கும் இவ்வுண்மையைப் பிறநாட்டாரும் நெடுங்காலமாக அறிவர். அச்சிட்ட ஆடைப்படங்கள் பரவுவதற்கு முன்னர், பிரெஞ்சு நாட்டின் புதிய உடை வகைகளை அயல்நாட்டு அரண்மனைகளுக்கு அறிவித்தவை ஆடை அணிந்த பொம்மைகளே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பாரிசு நகரில் துணிக்கு நேர்ந்த பஞ்சம் பெரிது. தம் கலை அழியாது என்பதைக் காட்ட விரும்பிய அந்நகரத்து உடைக் கலைஞர்கள், கம்பியால் ஆன ஏறத்தாழ இருநூறு பொம்மைகளுக்கு ஆடை தைத்து 1945 ஆம் ஆண்டில் கண்காட்சி வைத்தனர். ஆளளவில் மூன்றில் ஒரு பங்கே உடைய அப்பொம்மைகளுக்குத் துணி சிறிது போதுமானதாக இருந்தது. தையலின் நுட்பமோ சிறிதும் குறையவில்லை. திரண்ட பணம் போரினால் துன்புற்றோர்க்கு உதவியது. பின்னர் அமெரிக்கா சென்ற அப்பொம்மைகள் இன்று வாசிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

அமெரிக்க நாட்டில் 1959 ஆம் ஆண்டில் மேட்டல் நிறுவனம் பார்பி என்னும் பொம்மையை வெளியிட்டது. அதனைப் படைத்தவர் ரூத் ஹேண்ட்லர் என்னும் பெண்மணி. அதுவரை அந்நாட்டுச் சிறுமியர் கையில் இருந்தவை பெரும்பாலும் கைக்குழந்தை வடிவப் பொம்மைகள். பதினொன்றரை அங்குல உயரமுள்ள பார்பியோ வளர்ந்த பெண்ணின் வடிவில், மாற்றி அணிய வேண்டிய உடைகளோடு வந்தது. அன்று அதனோடு விளையாடிய சிறுமியருள் பலர் வளர்ந்த பின்னும் அதனை மறக்கவில்லை. தேடித் தேடிச் சேர்த்தனர். பிற்காலத்தில் சேலை உடுத்திய பார்பியும் இந்தியக் கடைகளில் ஏறியது.

இப்பழக்கத்தின்மீது கூறப்படும் குறைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொருட்செலவு மிகுதி என்பது ஒன்று. அது மெய்யே, வருவாய்க்கு மிஞ்சிய எப்பற்றும் வீட்டிற்குக் கேடுதான். பார்பியின் உடலமைப்பு இயல்புக்கு மாறானது, அதனைக் கண்டு வளரும் பெண் தன் உடலை வெறுக்க நேரும் என்பது மற்றொன்று. இதிலும் நியாயம் உண்டு. நெட்டை, குட்டை, பருமன் எனப் புதிய உடலமைப்புகளை அந்நிறுவனமே 2016 ஆம் ஆண்டில் கொண்டு வந்ததை நோக்கினால், அக்குறை வெறும் புரளி அன்று என்பது விளங்கும். இவ்விரண்டினும் பெரிய குறை ஒன்று உளது. வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் பின்னாளில் மிகுந்த விலை கிடைக்கும் என்று கருதி, பொம்மையைப் பெட்டிக்குள்ளேயே அடைத்து வைப்போர் பலர் உளர். அங்கே பொம்மை பொம்மையாக இல்லை. வட்டி ஈட்டும் முதலாகிவிடுகிறது. பார்க்கப்படாத பொம்மையால் எவருக்கு என்ன பயன்?

சேர்ப்பது மட்டும் சிறப்பன்று. சேர்த்ததைப் பிறர் காணத் திறந்து வைப்பதே சிறப்பு. இதற்குத் தஞ்சையிலேயே உயர்ந்த சான்று உண்டு. 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்த இரண்டாம் சரபோசி மன்னர் நூல் சேர்ப்பதில் தணியாத வேட்கை கொண்டவர். காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். அச்செல்வம் அரண்மனைக்குள்ளேயே முடங்கியிருப்பின் மன்னரோடு அதன் பயனும் முடிந்திருக்கும். 1918 ஆம் ஆண்டில் சரசுவதி மகால் பொது நூலகமாயிற்று. ஒருவர் வேட்கை பல்லாயிரவர் கல்விக்கு ஊற்றாயிற்று.

நூலுக்குப் பொருந்தியது பொம்மைக்கும் பொருந்தும். கருத்துப்பட ஓவியராகப் புகழ் பெற்ற சங்கர் பிள்ளை ஆடைப் பொம்மைகளின்மீது பெருவிருப்புக் கொண்டவர். அங்கேரி நாட்டுத் தூதர் பரிசாக அளித்த பொம்மை ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் பின்னர், வெளிநாடு சென்ற போதெல்லாம் அவ்வந்நாட்டு உடை அணிந்த பொம்மைகளை வாங்கி வந்தார். அவற்றை வீட்டிற்குள் பூட்டி வைத்தாரல்லர். பல ஊர்களுக்கும் கொண்டு சென்று குழந்தைகளுக்குக் காட்டினார். 1965 ஆம் ஆண்டில் அத்தொகுதி தில்லியில் சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகமாக மலர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உடைகளை அணிந்த பொம்மைகளைச் செய்வதற்கென அங்கே ஒரு பணிக்கூடமும் அமைந்தது. அவரை நோக்கி, ‘பிள்ளை விளையாட்டு’ என்று எவரேனும் கூறியிருப்பின், அச்சொல்லைத் தோற்கடிக்க அவ்வருங்காட்சியகம் ஒன்றே போதும்.

இனி, பொம்மை செய்வோரை மறந்து பொம்மையைப் பேசுதல் முறையன்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். மேற்பகுதி இலேசாக இருக்கும். எப்பக்கம் சாய்த்தாலும் கனம் கீழே இழுக்க, பொம்மை மீண்டும் நிமிர்ந்துவிடும். ஆடற்பெண் பொம்மையில் தலை, உடல், பாவாடை ஆகியவை தனித்தனியே கம்பியில் பொருந்தி அசையும். களிமண்ணும் காகிதக் கூழும் சாந்தும் வண்ணமும் சேர்ந்து உருவாகும் இப்பொம்மைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு பெயரைக் காக்கும். கைவினைஞன் அடுப்பை எரியச் செய்யாது. அதனைச் செய்ய வல்லது வாங்குவோர் கை ஒன்றே. நெகிழிப் பொம்மை மலிவாகக் கிடைக்கும் நாளில், கையால் செய்த பொம்மையின் விலைக்குக் காரணம் அறிந்து மனமுவந்து வாங்குபவர் யார்? கடைக்கு வரும் குழந்தை அன்று. வேறுபாடு உணர்ந்த முதிர்ந்த சேகரிப்பாளரே. அவரை நகைத்து ஒதுக்கும் ஊர் தன் கைவினைஞனையும் சேர்த்தே ஒதுக்குகிறது.

ஆதலின், வளர்ந்தோர் பொம்மை சேர்ப்பது பழிக்கத்தக்கது அன்று. முறையறிந்து சேர்த்தால் போற்றத்தக்கதே. அம்முறையைக் கொலு நெடுநாளாகக் கற்பித்து வருகிறது. ஆண்டிற்கு ஒன்று என்பது அளவு. படியில் வைத்து அண்டை வீட்டாரை அழைப்பது பகிர்வு. விழா முடிந்ததும் துணியில் பொதிந்து வைப்பது காப்பு. இவற்றோடு இன்னும் ஒன்று வேண்டும். எந்த ஊரில், எந்த ஆண்டில், எவர் கையால் ஆனது, அது உடுத்திய துணி எத்தறியில் நெய்தது என்பதை ஒரு சிறு சீட்டில் எழுதிப் பொம்மையோடு வைத்தல் வேண்டும். அறிந்தவர் மறைந்த பின் பொம்மை தானே பேசாது. அச்சீட்டு இல்லையேல் பேத்தி பெறுவது மரத்துண்டு. அச்சீட்டு இருப்பின் அவள் பெறுவது குடும்பத்தின் வரலாறு.

கடலலை கவர்ந்த பாவைக்காக அன்று ஒரு சிறுமி கடலோடு போரிட்டாள். காலம் என்னும் அலை அதனினும் வலியது. அதன் வாயிலிருந்து ஒரு பொம்மையையேனும், ஒரு முழத் துணியையேனும் மீட்டு வைப்பவர் எள்ளி நகையாடத் தக்கவர் அல்லர். வரும் தலைமுறை அவருக்குக் கடன்பட்டிருக்கும்.