என்ஜினுக்கு என்ன கலர்?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அம்மணி கையில் புடவை, கடைக்காரர் கையில் பிளவுஸ் பிட். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும். அம்மணி நம்பமாட்டார். விடுவிடுவென்று வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "இது வேற, அது வேற!" பின்னால் பையைச் சுமந்து நிற்கிற கணவர் பெருமூச்சு விடுவார்.

விஞ்ஞானம் அம்மணி பக்கம். வெவ்வேறு சாயம் போட்ட இரண்டு துணி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று வாயில் நுழையாத ஒரு பேர்.

இதே வேலையை லாரி என்ஜினுக்குச் செய்கிற ஒருவரை மேல்சித்தாமூரில் பார்த்தேன். செஞ்சி வட்டாரத்தில், தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கிற ஊர். இவரும் ஒரு நயினார்தான். பேர் வேண்டாம் என்றார். வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அப்பா ஓட்டிய 72-ம் வருஷத்து லேலண்ட் லாரி. நெல்லும் மல்லாட்டையும் ஏற்றி ரெண்டு தங்கச்சி கல்யாணத்தையும் இவர் டிப்ளமாவையும் முடித்த வண்டி. பாடியைப் பழைய மாதிரியே ஆக்கிவிட்டார். கிளீனர் பக்கத்துக் கதவில் பூக்கூடைகூட வரைந்தாயிற்று. மிச்சம் என்ஜின் பெயின்ட்.

"பானெட்டைத் தூக்கினாத்தானே அது தெரியும்? ஏதாவது ஒரு கலரை அடிச்சுட்டுப் போங்களேன்" என்றேன்.

"அப்பா டெய்லி காலைல அதத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் சார் வண்டிய எடுப்பாரு. வேற கலர் இருந்தா அவருக்குத் தெரிஞ்சுடும்."

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரைக் கேட்டால் "பச்சைடா" என்கிறார். பழைய டிரைவர் "சாம்பக் கலர்" என்று அடித்துச் சொல்கிறார். திண்டிவனம் பெயின்டரோ "புளூண்ணே, எங்கப்பாதான் டச்சப் பண்ணாரு" என்கிறார். மூன்று சாட்சி, மூன்று கலர். நம்ம கோர்ட் கேஸ் மாதிரி!

இதற்குச் சாட்சி விசாரணையைவிடத் தடயம் முக்கியம். என்ஜினில் வெயிலும் டீசலும் கையும் படாத இடங்கள் சில உண்டு. வாட்டர் பம்பைக் கழற்றினால் அதன் பின்புறம், கம்பெனி பித்தளைத் தகட்டின் அடி, டைனமோ பிராக்கெட் உட்கார்ந்த இடம். அங்கே பழைய பெயின்ட் பிழைத்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். தின்னர் வேண்டாம், அது அழுக்கோடு தடயத்தையும் கொண்டுபோய்விடும். அதைவிட மோசம் காஸ்டிக் சோடாத் தொட்டி. ஒர்க்‌ஷாப்பில் பிளாக்கை அதில் போட்டு வேக வைப்பார்கள். வெளியே வரும்போது பெயின்ட்டே இருக்காது. தெரியாமல் அலுமினியப் பாகத்தையும் போட்டால் அதையும் தின்றுவிடும். நீலத்தில் பிரஷ்யன் புளூ என்று ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்தது. மெக்கானிக்குகள் பேரிங் சரியாக உட்காருகிறதா என்று தடவிப் பார்ப்பதும் அதுதான். அந்தப் பெர்லின் நீலம் காரம் பட்டால் பழுப்பாகிவிடும். ஆக, காஸ்டிக்கில் குளித்த என்ஜினைப் பார்த்து 'ஒரிஜினல் பிரவுன்' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அடுத்தது வாட்டர் பேப்பர். நானூறாம் நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் அளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். மரத்தில் வயசு பார்ப்பது மாதிரி. நயினார் வண்டியில் மேலே சில்வர், அப்புறம் பச்சை, அப்புறம் ஒரு கறுப்பு, அடியில் ரெட் ஆக்சைடை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலம். ஒவ்வொரு ரீபோருக்கும் ஒரு கோட்டிங். பித்தளைத் தகட்டைக் கழற்றியபோதும் அதே சாம்பல் நீலம்தான். டிரைவரும் பெயின்டரும் ஆளுக்குப் பாதி ஜெயித்தார்கள்.

அப்பா? அவரும் பொய் சொல்லவில்லை. எண்ணெய் சேர்ந்த பழைய எனாமல் சூட்டிலும் வயசிலும் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை, ஒண்ணாங்கிளாஸ் டிராயிங் பாடம். வருஷக்கணக்காக அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தது அந்தப் பச்சையைத்தான். போதாததற்கு இப்போது கண்ணில் புரை. புரை முற்றின லென்ஸ் மஞ்சள் கண்ணாடி மாதிரி நீலத்தை வடிகட்டிவிடும். ஓவியர் கிளாட் மோனே கடைசிக் காலத்தில் வரைந்ததெல்லாம் செம்பழுப்பாய்ப் போனது இதனால்தான். 1923-ல் வலது கண்ணில் ஆபரேஷன் ஆனபின் நீலம் திரும்பி வந்தது. பிரான்சின் மோனேவுக்கும் மேல்சித்தாமூர் நயினாருக்கும் ஒரே கம்ப்ளெயின்ட்!

கலர் தெரிந்தால் போதாது, கடையில் சொல்லி வாங்க வேண்டும். "சாம்பல் நீலம் ஒரு லிட்டர்" என்றால் கடைக்காரர் பத்து டப்பாவைக் காட்டுவார். இதற்காகத்தான் நம்பர் வைத்தார்கள். ஜெர்மானியர்களின் ரால் பட்டியல் 1927-ல் நாற்பது கலரோடு ஆரம்பித்தது. நம் நாட்டுக்கு ஐ.எஸ்.5 என்று ஒரு பட்டியல். அதில் 101 என்றால் ஸ்கை புளூ, 538 என்றால் போஸ்ட் ஆபீஸ் ரெட், 632 என்றால் டார்க் அட்மிரால்டி கிரே. வெள்ளைக்காரன் கப்பற்படைக்கு அடித்த சாம்பலை இன்றும் நம்ம ஊர் மோட்டார் பம்புக்கு அடித்துக்கொண்டு இருக்கிறோம். பட்டியலில் நம் பங்குக்கு 'ஃபிரோஸி' என்று ஒரு பச்சை நீலமும் உண்டு, நம்பர் 176. ஆனால் கம்பெனிக்காரர்கள் பட்டியலுக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்று இல்லை. கேட்டர்பில்லர் டிராக்டர்கள் ஆதியில் சாம்பல் நிறம், 1931 கடைசியில்தான் மஞ்சளுக்கு மாறின. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் வருஷம் பார்க்காமல் கலர் சொல்லக்கூடாது.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: அசோக் லேலண்டில் உள்ள அசோக், சக்கரவர்த்தி இல்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கியபோது நிறுவனர் ரகுநந்தன் சரண் வைத்த தன் மகன் பேர். லேலண்ட் ஒட்டிக்கொண்டது 1955-ல்.)

நயினார் செய்தது கெட்டிக்காரத்தனம். கடையில் கலக்கிக் கொடுத்ததை நேரே என்ஜினில் அடிக்கவில்லை. பிஸ்கட் டின் மூடிகளில் ஒவ்வொரு கலவையையும் அடித்து, காயவிட்டு, வாசலில் வெயிலில் பித்தளைத் தகட்டு இடத்தோடு ஒப்பிட்டார். ஈர பெயின்ட்டும் காய்ந்த பெயின்ட்டும் ஒரே கலராக இருக்காது. நாலாவது மூடியில் சரியாக உட்கார்ந்தது. எக்ஸாஸ்ட் மேனிபோல்டைத் தொடவே இல்லை. பிளாக் சுமார் நூறு டிகிரிக்குள் நிற்கும், மேனிபோல்டு பல நூறு டிகிரி போகும். சாதாரண எனாமல் அங்கே அப்பளமாகப் பொரிந்துவிடும். சூடு தாங்கும் அலுமினிய பெயின்ட் வேண்டும், அல்லது சும்மா விடவேண்டும்.

இன்னொன்று, இது செகண்ட்ஹேண்ட் வண்டி வாங்க அலைகிற நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கு. என்ஜினுக்கு வெளிர் கலர் அழகுக்கு மட்டுமில்லை. ஆயில் எங்கே கசிகிறது என்று பளிச்சென்று காட்டும். அதனாலேயே விற்கிறவர் முதல் நாள் ராத்திரி புது பெயின்ட் அடித்து நிறுத்துவார். மினுமினு என்ஜினைப் பார்த்து மயங்காமல், அரைமணி ஓட்டிவிட்டு கேஸ்கட் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள் (மேனிபோல்டு பக்கம் வேண்டாம்). அப்படியே பிளாக்கில் வெட்டியிருக்கிற என்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். நம்பர்மேல் கெட்டியாகப் பட்டி போட்டு அடித்திருந்தால் டீ சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். நயினாரும் கலரைத் தேடுவதற்கு முன்னால் நம்பரைத்தான் தேடினார். அது வேறு வண்டியின் என்ஜினாக இருந்தால் இத்தனை ஆராய்ச்சியும் வேறு யார் அப்பாவுக்கோ போயிருக்கும்! நல்லவேளை, எல்லா எழுத்தும் ஒத்துப்போயிற்று.

"ஐம்பது வருஷம் ஆன வண்டிக்கு 2021-ல கவர்மென்ட் தனி நம்பர் கொண்டுவந்துச்சே, 'விஏ'னு. வாங்கிடுங்க. ஒரிஜினலா வெச்சிருக்கணும்னு ரூல். நீங்கதான் பெயின்ட் வரைக்கும் ஒரிஜினல்" என்றேன்.

"கேட்டுட்டேன் சார். பதிவுக்கு இருபதாயிரம். ஆனா அது டூவீலருக்கும் காருக்கும்தானாம். லாரி லிஸ்ட்லயே இல்ல."

"அப்போ எதுக்கு இவ்வளவு?"

நயினார் நாலாவது மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் பாண்டில அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிச்சதும் பானெட்டைத் தூக்கப்போறாரு. பச்சைய எங்கடான்னு கேப்பாரு. என்ன சொல்றதுன்னுதான் தெரியல."