இன்ஹேலரை நிறுத்தாதீர்கள், அந்தக் கணக்கு எங்களுடையது

சென்ற மழைக்காலத்தின் ஓர் இரவு, குன்னூருக்கு அப்பால் உள்ள ஓர் எஸ்டேட்டிலிருந்து பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86. ஒரு மூச்சில் இரண்டு சொற்களுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை. ஆக்சிஜன், நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி என்று விடியும்வரை போராடியபின் நெஞ்சு தளர்ந்தது. உடன்வந்த பாட்டி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆறு வருஷமா பம்ப் போட்டு நல்லாத்தானே இருந்தா டாக்டரம்மா, இப்ப என்ன ஆச்சு?”

மூன்றாம் நாள் செவிலியரிடம் அவளே உண்மையைச் சொன்னாள். பன்னிரண்டு நாள்களாக அவள் பம்ப்பைத் தொடவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், ஆஸ்துமா இன்ஹேலரிலிருந்து வெளிவரும் வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குகிறது என்று கேட்டிருக்கிறாள். “நான் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மலைக்குக் கெடுதல்தானே?” என்று எங்களைக் கேட்டாள்.

அவள் கேட்டுவந்த செய்தி தவறாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். ஒரே வரியில் மறுத்திருப்போம். ஆனால் செய்தி உண்மை. அந்த உண்மையின் அளவு மட்டும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. அளவில்லாத உண்மை, அளவில்லாத மருந்தைப் போலவே ஆளைச் சாய்க்கவல்லது என்பதை அன்று கண்டோம்.

அளவைச் சொல்கிறோம். அழுத்தி அடிக்கும் பம்ப்பில் மருந்தை உந்தித் தள்ளுவதற்கென ஹைட்ரோஃப்ளூரோகார்பன் வகை வாயு ஒன்று அடைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது எச்.எஃப்.சி.-134ஏ. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1300 முதல் 1500 மடங்கு வெப்பத்தை அது தேக்குகிறது. ஒரு பம்ப்பில் இருப்பதோ சில கிராம்கள்தான். இருநூறு முறை அடிக்கக்கூடிய முழுப் பம்ப் ஒன்று தீரும்போது, தயாரிப்பைப் பொறுத்து, சுமார் 10 முதல் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு ஏற்படுகிறது. கோவையிலிருந்து உதகைக்கு ஒரு பெட்ரோல் கார் வந்து திரும்பினால் ஏறத்தாழ 30 கிலோ வெளியேறும். அச்சிறுமி பல மாதங்கள் மூச்சுவிடுவதற்கு ஆகும் கணக்கு, ஒரு குடும்பத்தின் ஒருநாள் உல்லாசப் பயணத்தைத் தாண்டவில்லை.

இதற்கு முன் பம்ப்புகளில் இருந்தது குளோரோஃப்ளூரோகார்பன். ஓசோன் படலத்தை அது அரித்ததால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை அதை ஒதுக்கியது. ஓசோனுக்குத் தீங்கில்லாத மாற்றாக வந்ததே இப்போதைய வாயு. அதன் வெப்பக் குறையை 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் கணக்கில் எடுத்தது. 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. தீங்கு குறைந்த உந்துவாயுக்கள் கொண்ட பம்ப்புகள் உருவாகி வருகின்றன. ஆக, வாயுவை மாற்றும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் அரசுகளுக்கும் உரியது. நோயாளியின் மூச்சுக்குழாய்க்கு அதில் பங்கில்லை.

இனி, பசுமை இல்ல வாயு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுவோம். வார்டில் பலர் கேட்கிறார்கள். உதகைத் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்வது வழக்கம். எங்களுக்கு அந்த உவமையைவிடக் கம்பளி உவமையே பொருத்தமாகப் படுகிறது. மார்கழி இரவில் கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடற்சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. வெயிலால் சூடேறிய நிலம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாக அச்சூட்டை வானுக்குத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி ஆகியவை அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்துக் கீழேயும் அனுப்புகின்றன. இக்கம்பளி அறவே இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். நாம் அதன்மேல் கம்பளிக்குமேல் கம்பளியாகப் போர்த்திவிட்டதே இன்றைய நோய். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

“பத்தாயிரத்தில் நாலு பங்குதானே டாக்டர், அது என்ன செய்துவிடும்?” என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நீல நிறப் பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள மனிதரின் அடைபட்ட மூச்சுக்குழாய்களை அது சில நிமிடங்களில் திறந்துவிடுகிறது. சிறிய அளவு என்பதாலேயே ஒன்று செயலற்றது ஆகிவிடாது.

அதே ஆசிரியர் இன்னொன்றும் கேட்டார்: காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கிறது? ஆம், அதற்குச் சான்று நம் மலையிலேயே இருக்கிறது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் ‘பீட்’ எனப்படும் மட்கிய கரிய மண் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் வரலாற்றை வெளியிட்டார்கள். வறண்ட காலங்களும் ஈரமான காலங்களும் மாறிமாறி வந்து, புல்லினங்களையும் மரங்களையும் இடம் மாற்றியதை அம்மண் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இயற்கையான மாற்றங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்பொருமுறை சளியால் காய்ச்சல் வந்தது என்பதற்காக, இப்போதைய காய்ச்சல் டைஃபாய்டு ஆகாது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை முடிவுகள் தெளிவாகவே உள்ளன. நிலக்கரியும் பெட்ரோலியமும் பண்டைக்கால உயிரினங்களின் எச்சம். அவற்றில் எடை மிகுந்த கார்பன்-13 சற்றுக் குறைவு. அவை எரிந்து காற்றில் கலப்பதால் காற்றின் கார்பன்-13 பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. எரிவதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் அதற்கேற்பச் சிறிதளவு குறைகிறது. இன்னொரு சான்று எங்களுக்கு மிகப் பிடித்தது: சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடேறியிருக்கும். கீழடுக்கு சூடேற, மேலடுக்கோ குளிர்ந்துவருகிறது. சூட்டை இடையில் ஏதோ பிடித்துவைக்கிறது என்பதே அதன் பொருள்.

சரி, யார் எவ்வளவு? மனிதர்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்தப் பாதிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கரியமில வாயு. அதில் பெரும்பகுதி நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வருவது, மிச்சம் காடழிப்பால். மீத்தேன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு: கால்நடைகள், நெல்வயல்கள், எரிவாயுக் கசிவு, காற்றுப்புகாமல் அழுகும் குப்பை. நைட்ரஸ் ஆக்சைடு நூற்றுக்கு நான்கு அளவில். ஃப்ளூரின் கலந்த வாயுக்கள் அனைத்தும் சேர்ந்தே நூற்றுக்கு இரண்டு. அவற்றிலும் பெரும்பகுதி ஏ.சி., குளிர்பதனக் கருவிகள் சார்ந்தது. உலகத்து ஆஸ்துமா நோயாளிகள் அனைவரின் பம்ப்புகளும் அந்த இரண்டுக்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு சராசரியாக இரண்டு டன் அளவே. ஓர் அமெரிக்கருக்கு அது ஏறத்தாழ பதினான்கு டன். தேயிலை பறிக்கும் குடும்பத்தின் பங்கு அந்த இரண்டு டன்னுக்கும் கீழேதான் இருக்கும் என்பது எங்கள் ஊகம்.

அதற்காக நம் மலை முற்றிலும் கைகழுவிக்கொள்ள முடியாது. தேயிலைக்கும் கேரட்டுக்கும் உருளைக்கும் இடுகிற யூரியாவின் தழைச்சத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி வெளிவிடுகின்றன. கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வலிமை கொண்ட அந்த வாயு, நூறு ஆண்டுகளுக்கு மேல் காற்றில் தங்கும். மண் பரிசோதித்துத் தேவைக்கு மட்டும் உரமிட்டால் இது குறையும், உரச்செலவும் குறையும். ஆனால் பச்சைத் தேயிலைக்கு உரிய விலை கேட்டுப் போராடும் சிறு விவசாயியிடம் போய்க் காற்றைப் பற்றிப் பாடம் நடத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்கு முதலில் விலை கிடைக்கட்டும்.

விறகு வேறு வகை. வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்ந்தால் அதன் கரியமில வாயு பெருமளவு திரும்பிவிடும். புகை திரும்பாது. லைன் வீடுகளின் மூடிய அடுப்படிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் சமைத்து, ஒரு பீடியைக்கூடத் தொடாமல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வரும் தாய்மார்களை எங்கள் புறநோயாளிப் பிரிவில் எந்த வாரமும் காணலாம். குளிருக்காகக் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவை மூடி உறங்குவது இன்னும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

விளைவுகளை நாம் பார்க்கத் தொடங்கிவிட்டோம். 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் வெப்பம் 29 பாகையைத் தொட்டது. 1951 முதலான பதிவுகளில் அந்த மாதத்துக்கு அதுவே உச்சம் என்றார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகளை இவ்வூரில் யாரும் மறக்கவில்லை. தனியொரு மழையை முழுக்கக் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது முறையன்று. சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பியதும் வடிகாலை அடைத்ததும் நாமே. எனினும் காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது அதைத் திரட்டிக் கொட்டும். சாலை துண்டிக்கப்படும் நாளில் டயாலிசிஸ் நோயாளி எப்படி வருவார், ஆக்சிஜன் சிலிண்டர் எப்படி மலையேறும் என்பதே எங்கள் கவலை.

இப்போது எங்கள் பக்கத்துக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். உலகின் மொத்த வெளியேற்றத்தில் மருத்துவத் துறையின் பங்கு ஏறத்தாழ 4.4 விழுக்காடு என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. மயக்கமருந்தாகப் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன், கரியமில வாயுவைப்போல 2500 மடங்கு அளவில் வலிமை கொண்டது. பெரும்பாலான அறுவைகளுக்கு அதே பயனைத் தரும் மாற்று மருந்துகள் உள்ளன. ஸ்காட்லாந்து 2023இலேயே அதைக் கைவிட்டது. மண்ணிலிருந்து எழும் அதே நைட்ரஸ் ஆக்சைடு மருத்துவமனைகளின் சுவர்க்குழாய்களிலும் ஓடுகிறது. நோயாளியை அடையுமுன்பே பெரும்பகுதி கசிந்துபோவதைப் பிரிட்டன் மருத்துவமனைகள் கண்டறிந்தன. சிறு சிலிண்டர்களுக்கு மாறினால் அந்தக் கசிவு நிற்கும். இவற்றை மாற்றுவதால் எந்த நோயாளிக்கும் ஒரு சிரமமும் நேராது. நோயாளிக்குச் சிரமமில்லாத இவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் பம்ப்பைப் பற்றிப் பேசும் தகுதி எங்களுக்கு வரும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நிர்வாகத்திடமும் அவ்வாறே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பம்ப்பைப் பொறுத்தவரை எங்கள் வேண்டுகோள் சிறியது. எக்காரணத்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கேப்சூலைப் போட்டு உறிஞ்சும் பொடிக் கருவியில் உந்துவாயு கிடையாது. நம் நாட்டில் அது எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். சிறு குழந்தைகளுக்கும், வேகமாக உறிஞ்ச இயலாத முதியோருக்கும், கடும் இளைப்பின்போதும் ஸ்பேசருடன் கூடிய பம்ப்பே நல்லது. நம் மழைக்கால ஈரத்தில் கேப்சூல் நமத்துவிடும். மூடிய டப்பாவில் வையுங்கள். தடுப்பு மருந்தை நாள்தோறும் ஒழுங்காக எடுத்தால் நீலப் பம்ப்பின் தேவை தானே குறையும். தீர்ந்த பம்ப்பை விறகடுப்பில் எறியாதீர்கள், வெடிக்கும். எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள்.

அச்சிறுமிக்கும் இக்கணக்கையெல்லாம் தாளில் போட்டுக் காட்டினோம். பன்னிரண்டு நாள் அவள் பம்ப்பை விட்டதில் மிச்சமானது இரண்டு கிலோவுக்கும் குறைவு. அவளைக் கொண்டுவந்த ஜீப், நான்கு நாள் படுக்கை, மருந்து, ஆக்சிஜன் ஆகியவற்றின் செலவு அதைப்போலப் பல மடங்கு. இப்போது அவள் பொடிக் கருவிக்கு மாறியிருக்கிறாள். அவசரத்துக்கு நீலப் பம்ப் புத்தகப் பையில் இருக்கிறது. சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது மூச்சளவு நன்றாக இருந்தது. எழுந்து போகுமுன், “உங்க ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும், டாக்டர்?” என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பராமரிப்புப் பிரிவிடம் கேட்டிருக்கிறோம்.