குடியை விட்டவர் எங்கே குடியிருப்பது?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பள நாள். கேமரன் மலையில் நான் கிராணியாக இருக்கும் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவர் வரிசையின் கடைசியில் நின்றார். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று அன்று காலைதான் மலையேறி வந்தவர். முகம் தெளிந்திருந்தது. கை நடுங்கவில்லை. "கிராணியாரே, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றார். நான் மகிழ்ந்துபோய், அவர் எழுதிக் கேட்டபடி பாக்கிச் சம்பளம் முழுவதையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். அன்றிரவே லயத்துக் கோடியில், பழைய கூட்டாளிகளுக்கு நடுவில் அவர் விழுந்து கிடந்தார்.

குற்றம் யாருடையது? "மனவுறுதி இல்லாதவன்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவரை நாம் எங்கே அனுப்பினோம்? அதே லயம், அதே அடுத்த வீடு, அதே போத்தல். மலையில் குளிருக்குக் குடிக்கிறோம் என்பார்கள்; கீழே பால்மரக் காட்டில் உடல்வலிக்கு என்பார்கள். சாக்கு வேறு, சம்சு ஒன்றே. மருத்துவமனை உடலிலிருந்த நஞ்சை இறக்கியது. குடிக்காமல் வாழும் பழக்கத்தை அவர் கற்றுக்கொள்ள இடம் எங்கே இருந்தது?

குடியை எதிர்ப்பது நமக்குப் புதிதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டுமென்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினர்; அடக்குமுறைக்கும் ஆளாயினர். கடையை மூட உயிரையும் பொருட்படுத்தாத சமுதாயம் நாம். ஆனால் குடியை விட்டு வந்தவருக்கு ஒரு வீட்டைத் திறந்துவிட இன்னும் முனையவில்லை. போராட்டத்தின் மறுபாதி அதுவல்லவா?

மருத்துவமனைக்கும் லயத்துக்கும் நடுவே சில மாதம் தங்கும் மதுவில்லா இல்லத்தையே சொல்கிறேன். 1975இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குடியை விட்ட சிலர் தங்கியிருந்த இல்லம் மூடப்படவிருந்தது. அவர்கள் கலைந்து போகவில்லை. அதே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாமே நடத்தினர். அதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று பெயர். விதிகள் மூன்றே: கூடிப் பேசி வாக்களித்து முடிவெடுக்க வேண்டும், செலவை உழைத்துப் பகிர வேண்டும், மறுபடி குடித்தவர் வெளியேற வேண்டும். நம் சங்கக் கிளை நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தானே! பட்டம் பெற்றவர்களால்தான் முடியும் என்பதில்லை. பால் வெட்டுபவராலும் கொழுந்து பறிப்பவராலும் முடியும்.

ஆனால் "மறுவாழ்வு இல்லம்" என்று பலகை தொங்கும் இடமெல்லாம் நல்ல இடமாகிவிடாது. கணவனையோ மகனையோ அனுப்புமுன் நேரில் போய்ப் பாருங்கள், கூச்சமின்றிக் கேளுங்கள்.

முதலில், மருத்துவமனைக்குப் போகாமல் நேரே இல்லத்துக்குப் போகலாமா? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்தச் சில நாட்கள் மருத்துவர் கண்பார்வையில்தான் கழிய வேண்டும். தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நம்மவர் முகம் சுளிக்கிறார்கள். 1911 முதல் அங்கே நடந்துவரும் மனநல மருத்துவமனையின் வாசலை மிதிப்பது அவமானமன்று. நோய்க்கு மருந்து தேடுவதில் அவமானம் ஏது?

அடுத்து, நடத்துபவர் யார், எங்கே பதிந்திருக்கிறார்கள், மாதக் கட்டணம் எத்தனை வெள்ளி, இரசீது உண்டா? விதிகள் எழுத்தில் உண்டா? அடையாளக் கார்டைப் பறித்து வைக்கிறார்களா? அடிப்பதும் கட்டிவைப்பதும் உண்டென்றால் அக்கணமே திரும்பிவிடுங்கள். அது இல்லமன்று, சிறை.

தங்கியிருப்பவர் வெளியே வேலைக்குப் போகலாமா? கூலி அவர் கையில் சேருகிறதா? கூலியில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு அதையே சிகிச்சை என்கிற இடம், வேறு பெயரில் நடக்கும் பழைய கூலி முறைதான். மறுபடி ஒருவர் குடித்துவிட்டால் என்ன செய்வார்கள்? வெளியேற்றுவது வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கும், சரிதான். ஆனால் நள்ளிரவில் தெருவில் தள்ளுகிறார்களா, மருத்துவரிடமும் குடும்பத்திடமும் சேர்க்கிறார்களா? இந்த ஒரு கேள்வியின் பதிலிலேயே அந்த இல்லத்தின் குணம் தெரிந்துவிடும்.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. பழைய கூட்டாளிகளுக்கு எட்டாத தூரம் நல்லது. மனைவி மக்களுக்கும் எட்டாத தூரம் நல்லதன்று.

இவ்வளவையும் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். சங்கம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வேலைச் சட்டம் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது. மதுவில்லா இல்லத்தில் கழியும் மாதங்கள் அதில் அடங்குவதில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் வீடும் போகும். "நான் அங்கே போனால் என் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?" என்று அவர் கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? ஆகவே அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும் மேசையில் வைப்போம்: சிகிச்சைக்குப்பின் இல்லத்தில் தங்குபவரின் வேலை காக்கப்பட வேண்டும்; அதுவரை அவர் குடும்பத்தின் லயத்து வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

கிராணிமாரே, நமக்கும் பங்குண்டு. திரும்பி வருபவரின் சம்பளத்தை, அவர் சம்மதத்துடன், வங்கியில் சேர வழிசெய்யுங்கள். ரொக்கமாக எண்ணிக் கொடுத்து நான் செய்த பிழையை நீங்களும் செய்யாதீர்கள்.

அந்தத் தோழர் மறுபடி மருத்துவமனைக்குப் போனார். இம்முறை அங்கிருந்து நேரே மலையேறவில்லை. கீழே ஓர் இல்லத்தில் பல மாதம் தங்கி, வேலை செய்து, பிறகே வந்தார். இன்று விடியற்காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டால் "இருக்கிறேன்" என்று உரத்த குரல் வருகிறது. நம் தோட்டங்களில் அந்தக் குரல்கள் பெருகட்டும்!